பிரிட்டிஷ் தொலைக்காட்சி: ரெடிங்கில், எய்ந்தோவனில், கோவையில்

பிரிட்டனில் குடியேறும் நம்மவர்கள் வீட்டில் முதலில் ஏற்பாடாவது தமிழ்ச் சேனல்கள்தான். உள்ளூர்த் தொலைக்காட்சி என்று ஒன்று இருப்பதே, டிவி பார்ப்பதற்குக் கட்ட வேண்டிய லைசென்ஸைக் கேட்டுக் கடிதம் வரும்போதுதான் நினைவுக்கு வரும். அந்த லைசென்ஸைப் பல ஆண்டுகளாகக் கட்டி வருகிறேன். இடையில் வேலை நிமித்தம் நெதர்லாந்தில் வசித்தேன். விடுமுறை என்றால் கோவை. மூன்று இடங்களிலிருந்தும் பார்த்த அனுபவம் இது.

லைசென்ஸிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான். 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது. இது பெட்டிக் கணக்கு அல்ல, வீட்டுக் கணக்கு. ஒரே வீட்டில் நான்கு பெட்டி இருந்தாலும் ஒரு லைசென்ஸ் போதும். “நாங்கள் பிபிசி பார்ப்பதே இல்லை, எங்களுக்கு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எந்தச் சேனலானாலும், எந்த நாட்டுச் சேனலானாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். இரவு உணவின்போது இணையம் வழியாகத் தமிழ்ச் சீரியலை நேரலையில் பார்ப்பவரும் இதில் அடக்கம். நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும் பார்ப்பவருக்குத் தேவையில்லை. பிபிசியின் இணையச் செயலியான ஐபிளேயருக்கு, பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் தேவை. 2016 செப்டம்பரிலிருந்து அப்படி. மாதத் தவணை கேட்டால் முதல் ஆண்டுத் தொகையை ஆறு மாதங்களுக்குள் வாங்கிவிடுவார்கள் என்பதையும் புதிதாக வருபவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கென்று தனி லைசென்ஸ் இன்றும் உண்டு, கட்டணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. யார் வீட்டில் அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

இந்தப் பணத்துக்கு ஈடாக வருவது விளம்பரம் இல்லாத பிபிசி. ஐடிவியும் சேனல் 4-ம் விளம்பரத்தில் வாழ்பவை. இவை எல்லாவற்றையும் ஃப்ரீவியூ என்ற பெயரில், மாதச் சந்தா எதுவும் இல்லாமல், கூரை ஆன்டெனாவிலேயே பிடித்துவிடலாம். லண்டனுக்கு மேற்கே நான் வசிக்கும் ரெடிங்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஆன்டெனாவை கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தை நோக்கித் திருப்பினால் லண்டன் வட்டாரச் செய்தி. ஹானிங்டன் கோபுரத்தை நோக்கித் திருப்பினால் தென்கடலோரச் செய்தி. ஒரே தெருவில் அடுத்தடுத்த கூரைகள் வெவ்வேறு திசையைப் பார்த்து நிற்கும். என் கூரை ஹானிங்டனைப் பார்க்கிறது. அதனால் நான் ஒருமுறைகூடப் போயிராத சவுத்தாம்ப்டனின் துறைமுகத் தகராறுகள் எனக்கு அத்துப்படி.

மழைக்கும் காற்றுக்கும் படம் அசையாது. வெயிலடிக்கும் அமைதியான நாட்களில்தான் சதுரம் சதுரமாகச் சிதறும். உயர் காற்றழுத்தம் நிலவும்போது தொலைதூரக் கோபுரங்களின் அலைகளும் வந்து கலந்துவிடுவதே காரணம். அப்போது ரிமோட்டை எடுத்து எல்லாச் சேனல்களையும் புதிதாகத் தேட விடாதீர்கள், இருப்பதும் போய்விடும். ஒரு நாள் பொறுத்தால் தானே சரியாகும், இங்கே நல்ல வானிலை அதற்கு மேல் நீடிப்பதுமில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது சப்டைட்டில். ஆங்கில வழியில் படித்து வந்தவன் என்ற இறுமாப்பு, நார்தம்பர்லாந்தில் நடக்கும் ‘வேரா’ துப்பறியும் தொடரின் முதல் காட்சியிலேயே அடங்கிவிட்டது. நியூகாசில் பக்கத்துப் பேச்சு காதில் விழும், மனத்தில் ஏறாது. இங்கே சப்டைட்டில் ஒரே நிறத்தில் வருவதில்லை. ஒருவர் பேசினால் வெள்ளை, அடுத்தவர் பேசினால் மஞ்சள், மூன்றாமவருக்கு வெளிர்நீலம், நான்காமவருக்குப் பச்சை. நான்கு பேர் ஒரே அறையில் ஒருவரையொருவர் இடைமறித்துக் கத்தினாலும், எந்த வரி யாருடையது என்று தெரிந்துவிடும். காது கேளாதோருக்காகச் செய்த ஏற்பாடுதான். வட்டார வழக்குக்குப் பழகாத நமக்கும் அது வரம். நேரலைச் செய்திகளில் மட்டும் எழுத்து சில நொடிகள் பின்தங்கும், பெயர்கள் சின்னாபின்னமாகும்.

இனி நிகழ்ச்சிகள். பிரிட்டிஷ் தொடர்களின் முதல் சிறப்பு, முடிக்கத் தெரிவது. ‘ஃபால்டி டவர்ஸ்’ 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தம் பன்னிரண்டே பகுதிகள். ஆயிரம் எபிசோடு கண்ட சமூகத்திலிருந்து வருபவனுக்கு இது முதலில் கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் 1960-இல் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இழுப்பதற்கு அவர்களுக்கும் தெரியும்.

ஊரே ஒன்றாகப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது, 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஐடிவி அடுத்தடுத்து நான்கு இரவுகள் ஒளிபரப்பிய ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’. கணினி மென்பொருளின் பிழையால் கணக்கில் பணம் குறைய, கையாடல் செய்ததாகத் தண்டிக்கப்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்களின் உண்மைக் கதை. அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. செய்தித்தாள்கள் ஆண்டுக்கணக்காக எழுதிய விவகாரம்தான். நாடகமாக வந்த பிறகு அலுவலகத்தில், பஸ்ஸில், முடிதிருத்தும் கடையில் என்று எங்கும் அதே பேச்சு. அந்த மே மாதத்திலேயே தண்டனைகளை ரத்துசெய்யும் சட்டம் நிறைவேறியது. இதைப் பின்னர் ஏதோ ஒரு செயலியில் தனியே உட்கார்ந்து பார்த்தவருக்கு நல்ல நாடகம் கிடைத்திருக்கும். அந்த வாரம் கிடைத்திருக்காது.

நெதர்லாந்துக்குப் போனபோது நிலைமை நான் பயந்ததைவிட மேல். எய்ந்தோவன் வீட்டுக் கேபிளிலேயே பிபிசி ஒன்றும் இரண்டும் வந்தன. ஒரு மணி நேரக் கடிகார வித்தியாசம் மட்டும்; பத்து மணிச் செய்தி பதினொன்றுக்கு. ஐடிவி, சேனல் 4 கிடையாது. ஐபிளேயர் எல்லை தாண்டிய கணமே கதவைச் சாத்திவிடும். லைசென்ஸ் கட்டியவன் என்று சொல்லிப் பயனில்லை. இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது விதிமீறல் என்பது ஒருபுறம். இன்று திறந்தது நாளை திறக்காது என்பது மறுபுறம். ஸ்பெயினில் குடியேறிய ஆங்கிலேயர்களின் பாடு இன்னும் சிரமம். 2014 பிப்ரவரியில் பிபிசி சேனல்கள் பிரிட்டனை மட்டும் குறிவைக்கும் குறுகிய செயற்கைக்கோள் கற்றைக்கு மாறின. தென் ஸ்பெயினில் அதுவரை வேலைசெய்த டிஷ்கள் பல ஒரே நாளில் வெறும் தகடாயின.

மற்ற நாடுகளில் சந்தாச் செயலிகள்தான் கதி. பிரிட்பாக்ஸ் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்டிக் நாடுகள் என்று சில இடங்களில் மட்டும். ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடர் 2023 முதல் 2025 வரை வெளிநாடுகளுக்கு டிஸ்னி பிளஸ்ஸில் போனது, பிரிட்டனுக்குள் ஐபிளேயரில். சமையல் போட்டி ஓரிடம், போலீஸ் தொடர் வேறிடம். எல்லாச் சந்தாவையும் கூட்டினால் லைசென்ஸ் கட்டணம் மலிவு.

ஆனால் என் குறை செலவைப் பற்றியது அல்ல. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாவது பெரும்பாலும் பிணங்களும் மாளிகைகளும்தான். ‘மிட்சோமர் மர்டர்ஸ்’ பார்த்தே இங்கிலாந்தை அறிந்தவர், அழகிய கிராமம் ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு மூன்று கொலை நடப்பதாக நம்பினால் அவரைக் குறைசொல்ல முடியாது. உள்ளே இருப்பவர்கள் அன்றாடம் பார்ப்பது வேறு. வெள்ளிக்கிழமை மாலை ‘கார்டனர்ஸ் வேர்ல்டு’, எந்த மாதம் எந்தக் கிழங்கை ஊன்றுவது என்று 1968-லிருந்து சொல்லிவருகிறது. முப்பது நொடிக் கடிகாரம் ஓடும் எழுத்து, எண் போட்டியான ‘கவுன்ட்டவுன்’, சேனல் 4 தொடங்கிய 1982 நவம்பர் 2 அன்று ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி. கொல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன் இப்போது நடத்தும் வினாடி வினா ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’. இரண்டு விடை சரியாகச் சொன்னால் அன்றிரவு வீட்டில் என் நடையே மாறிவிடும். பிறகு வட்டாரச் செய்தி, வானிலை. இவற்றை எந்தச் செயலியும் விலைகொடுத்து வாங்கி விற்பது அரிது. நான் தவறவிட்டதும் இவற்றைத்தான்.

கோவைக்குப் போகும்போது ஒரு வழி கண்டுவைத்திருக்கிறேன், விதிக்கு உட்பட்டதே. பிரிட்டனில் இருக்கும்போதே ஐபிளேயர் செயலியில் கைபேசிக்கோ டேப்லெட்டுக்கோ பதிவிறக்கிக்கொண்டால் வெளிநாட்டிலும் ஓடும். பல நிகழ்ச்சிகளுக்கு 30 நாள்வரை கெடு. பார்க்கத் தொடங்கிவிட்டால் கெடு சுருங்கிவிடும், ஆகையால் ஆவலில் பாதி பார்த்து வைக்கக் கூடாது. அம்மாவுக்கென்று தவறாமல் எடுத்துப்போவது ‘தி ரிப்பேர் ஷாப்’. சசெக்ஸில் ஒரு பழைய கொட்டகைக்கு மக்கள் தாத்தாவின் கடிகாரத்தையும் கிழிந்த பொம்மையையும் கொண்டுவருவார்கள். கைவினைஞர்கள் பொறுமையாகச் சரிசெய்து திருப்பித் தருவார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு விளக்கவே வேண்டியதில்லை. “கூலி எவ்வளவு வாங்குகிறான்?” என்பது மட்டும்தான் அவர் கேள்வி. கொண்டுவருபவர்களிடம் வாங்குவதில்லை என்று சொன்னேன், நம்பவில்லை.