பதினாறு வயது செடானும் உப்புக்காற்றும்: பத்தாண்டு அனுபவம்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. வண்டி 2009ஆம் ஆண்டின் ஜப்பானிய பெட்ரோல் செடான். 2015இல் இரண்டாவது உரிமையாளராக வாங்கியபோது 48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,31,000. இஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆயிலையும் கூலன்டையும் காலத்தில் மாற்றினால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

வண்டியைத் தின்பது உப்புக்காற்றுதான். பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும். ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகள் விரல் பட்டாலே தூளாக உதிர்ந்தன. இதுவரை இரண்டு மாற்றிவிட்டேன். நான்காம் ஆண்டில் பின்சக்கரத்து மேல்வளைவில் பெயின்ட் கொப்புளம்போல் எழும்பியது. பட்டறை பாய் ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்தினார். முனை அப்படியே உள்ளே போய்விட்டது. "பெயின்ட்தான் தம்பி நிற்கிறது, தகடு எப்போதோ போய்விட்டது" என்றார். அழுகியதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். கடலோரம் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: கதவின் அடிவிளிம்பில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அவற்றில் அடைத்த மண்ணைக் குச்சியால் எடுத்துவிடுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர்தான் கதவை அரிக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பள்ளம் பார்த்து ஓட்டியதில் சஸ்பென்ஷன் பாகங்களில் லிங்க் ராட் மூன்று முறையும், லோயர் ஆர்ம் புஷ் இரண்டு முறையும் போயின. பெரிய செலவில்லை.

இவையெல்லாம் கசிந்தோ, சத்தம் போட்டோ தம்மைக் காட்டிக்கொண்டவை. காட்டிக்கொள்ளாத பழுது ஒன்று ஸ்டீயரிங்குக்குள், என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர், தகாட்டா நிறுவனம் செய்தது. அதில் எரிந்து வாயு தரும் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கெட்டுப்போகிறது. பிறகு விபத்தில் ஏர்பேக் விரியும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்கவைத்துச் சில்லுகளாகச் சிதறடிக்கும். பிழைத்திருக்க வேண்டிய விபத்துகளில் பல நாடுகளில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் 2017இல் திவாலானது. வெப்பமும் ஈரமும் நம் ஊரில் எந்த மாதத்தில் குறைவு?

இது எனக்குத் தெரிந்ததே சென்ற ஆண்டுதான். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்கக் காகிதங்களை எடுத்தபோது, பதினேழு இலக்க சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். ஓட்டுநர் பக்க இன்ஃப்ளேட்டரை மாற்றித்தர நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்பு (ரீகால்) பல ஆண்டுகளாக நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. கடிதம் வந்திருந்தால் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குத்தான் வந்திருக்கும். ஆனால் நடுவில் மூன்று முறை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் விட்டிருக்கிறேன். வைப்பர் பிளேடு மாற்றச் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் கட்டாயத் திரும்ப அழைப்பு விதி, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கானது. நம்மைப்போல் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தாமே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாகம் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை வண்டியைத் தொடவில்லை. மகளைப் பஸ்ஸில் பள்ளிக்கு அழைத்துப் போனேன். மாற்றும் அன்று பக்கத்திலேயே நின்றேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியைப் பெயர்த்து, மஞ்சள் நிற இணைப்பைப் பிரித்து, உள்ளங்கையளவு உலோக வட்டம் ஒன்றை வெளியே எடுத்தார்கள். பழையதன் எண்ணையும் புதியதன் எண்ணையும் குறித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேர வேலை. ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

அதன்பின் எங்கள் தெருவில் நிற்கும் பழைய கார்களின் எண்களையும் உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவருகிறேன். மாடி வீட்டு அண்ணனின் காருக்கும் அதே அழைப்பு நிலுவையில் இருக்கிறது. சனிக்கிழமை இருவரும் சேர்ந்து போகிறோம்.