தோற்ற மன்னரின் ஆட்கள்: எங்கே போனவர்கள் பிழைத்தார்கள்?

1783 செப்டம்பரில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானதும், அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பக்கம் நின்றவர்கள் சொந்த மண்ணிலேயே அந்நியர்களானார்கள். சுமார் 60,000 பேர் வெளியேறினார்கள். லண்டன், இன்றைய கனடாவின் அட்லாண்டிக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா, கியூபெக்கின் மேற்குப் பகுதி (இன்றைய ஒன்டாரியோ), பஹாமாஸ் தீவுகள் ஆகியவை முக்கியமான புகலிடங்கள். ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதும் ஒரு வழிதான். பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள்.

ஆயுதம் ஏந்தாத சாதாரண விவசாயிக்கு அதுவே சரியான முடிவு என்று நினைக்கிறேன். பறித்த சொத்தைத் திருப்பித் தரும்படி மாநிலங்களுக்குப் பரிந்துரைப்பதாக மட்டுமே உடன்படிக்கை சொன்னது. மாநிலங்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் கோபம் தணிந்தது. நியூயார்க்கில், புரட்சிப் படையில் போரிட்ட அலெக்சாண்டர் ஹாமில்டனே இவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார்.

லண்டன் பதவியில் இருந்தவர்களின் தேர்வு. மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த தாமஸ் ஹட்சின்சன் 1774இலேயே போய், ஊருக்குத் திரும்பும் ஏக்கத்தோடு 1780இல் அங்கேயே இறந்தார். இழப்பீட்டுக்கென அமைத்த ஆணையம் 3,000க்கும் மேற்பட்ட மனுக்களை வாங்கி, ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. ஆனால் சொத்து இருந்ததை நிரூபித்தவருக்குத்தான் பணம். உயிரைத் தவிர வேறெதுவும் இல்லாமல் மன்னருக்காகச் சண்டையிட்டவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

நோவா ஸ்கோஷியாவையும் கியூபெக்கின் மேற்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதற்கு நியூயார்க்கிலிருந்து நேராகக் கப்பல் இருந்ததால் சுமார் 30,000 பேர் அங்கே குவிந்தார்கள். ஷெல்பர்ன் துறைமுகத்தில் திடீரென்று 10,000 பேர்வரை சேர்ந்து, அது வட அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்றானது. சுற்றிலும் பாறை நிலம். சில ஆண்டுகளிலேயே ஊர் காலியானது. செயின்ட் ஜான் ஆற்றோரம் போனவர்கள் நிலைத்தார்கள், 1784இல் நியூ பிரன்ஸ்விக் என்ற தனி மாகாணமும் கிடைத்தது. மேற்கே போனவர்கள் அதைவிடக் குறைவு, பயணமும் கடினம். ஆனால் செயின்ட் லாரன்ஸ் கரை மண் நல்ல மண். குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், கூட இருக்கும் ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர், அப்புறம் பயிர் கைகொடுக்கும்வரை அரசு ரேஷன். 1791இல் அது மேல் கனடா மாகாணமாகி, சொந்தச் சட்டமன்றமும் பெற்றது. வெளியேறியே ஆக வேண்டிய ஏழைக் குடும்பத்துக்கு இதைத்தான் சொல்வேன். அந்த நிலம் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. மன்னருக்காகப் போரிட்ட, மோஹாக் என்ற இன்னொரு பூர்வகுடியின் தலைவர் ஜோசப் பிராண்ட்டின் மக்களைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அவர்களும் கிராண்ட் ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள்.

பஹாமாஸுக்குப் போனவர்களில் பலர் முதலில் கிழக்கு ஃப்ளோரிடாவில் குடியேறியிருந்தார்கள். அதை பிரிட்டன் ஸ்பெயினிடம் கொடுத்துவிட, மறுபடியும் மூட்டை கட்டினார்கள். அடிமைகளை வைத்துப் பருத்தி பயிரிட்டார்கள். மெல்லிய மண்ணும் பூச்சியும் அதையும் கெடுத்தன.

இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாதவர்கள் கறுப்பர்கள். கலகக்காரர்களிடமிருந்து தப்பி மன்னர் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775இல் அறிவித்தார். நியூயார்க்கைக் காலி செய்த தளபதி கை கார்ல்டன், அவர்களைத் திருப்பித் தரச் சொன்ன அமெரிக்கத் தளபதி வாஷிங்டனிடம் மறுத்து, சுமார் 3,000 பேரின் பெயர்களைப் பதிவு செய்து அனுப்பிவைத்தார். அந்த உறுதி என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. ஆனால் நோவா ஸ்கோஷியாவில் பலருக்கு நிலமே கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் தாமதமாக, சிறிய துண்டுகள். 1784 ஜூலையில் ஷெல்பர்னில் வெள்ளையர்கள் அவர்களுடைய வீடுகளை இடித்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் பீட்டர்ஸ் லண்டனுக்கே போய் முறையிட்டார். 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் கிட்டத்தட்ட 1,200 பேர் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டார்கள். அங்கே காய்ச்சல் பலரைக் கொன்றது, வாக்களித்த நிலத்துக்கு, குடியேற்றத்தை நடத்திய சியரா லியோன் நிறுவனம் வரி கேட்டது, 1800இல் அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. இருந்தும் இவர்களுக்கு நோவா ஸ்கோஷியாவைவிட அதுவே மேல் என்பேன்: அங்கே அவர்கள் அமைத்த ஃப்ரீடவுன் ஊரில் அவர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.