மேல்நிலைத் தொட்டியா, தரைத் தொட்டியா?

சேலத்தைச் சுற்றிப் புதுப்புது நகர்கள் முளைக்கின்றன. குடிநீரோ மேட்டூரிலிருந்து வர வேண்டும். வீடுகள் கூடக் கூட, வரும் தண்ணீரைத் தேக்கவும் கூடுதல் இடம் தேவை.

மேல்நிலைத் தொட்டிக்குப் பலம் அதன் உயரம்தான். 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். மின்சாரம் போனாலும் தொட்டியில் இருக்கும்வரை குழாயில் தண்ணீர் வரும். ஆனால் 1 லட்சம் லிட்டர் என்பது 100 டன் எடை. தூணுக்கும் அடித்தளத்துக்குமே பெரும்பணம் போய்விடும். பழைய தூண்கள் மேலேயே தொட்டியைப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால், பொறியாளர் சோதிக்காமல் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

தரைத் தொட்டியில் அதே பணத்துக்கு அதிகம் தேக்கலாம். நகர்ப்புறக் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வைத்தால், 2,000 பேருக்கு 2.7 லட்சம் லிட்டர். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் இடத்தில் 8 லட்சம் லிட்டர் வேண்டும். அவ்வளவையும் தூணில் ஏற்றுவது வீண் செலவு. ஆனால் மோட்டார் நின்றால் விநியோகம் நின்றுவிடும். புதைத்த தொட்டியில் விரிசல் விட்டால் சாக்கடையும் கசிந்து உள்ளே வரலாம். இந்த ஆபத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏற்காட்டில் கதை வேறு. மேட்டில் தரைத் தொட்டி கட்டினாலே கீழே உள்ள வீடுகளுக்கு அழுத்தம் கிடைத்துவிடும், தூணே வேண்டாம்.

சமவெளியில் என் தேர்வு, பெரிய தரைத் தொட்டியும் அரை நாள் தேவைக்கான சிறிய மேல்நிலைத் தொட்டியும். அப்புறம், தரைத் தொட்டியை இரண்டு அறைகளாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும்.