நாவலாசிரியருக்கு ஒரு பெயரா, வகைக்கொரு பெயரா?

சரித்திர நாவல் இரண்டு எழுதியவன் மூன்றாவதாக ஒரு கொலைக் கதையைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தால், திருகோணமலையில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “இதையும் உங்கட பேரிலயோ போடப்போறீங்கள், சேர்?” நான் என் பெயரிலேயே போட்டேன். அடுத்து வரப்போகும் சிறுவர் கதைகளும் அதே பெயரில்தான். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

வழிகள் மூன்று இருக்கின்றன. வகைக்கொரு பெயர் வைத்து, எழுதியவர் யாரென்றே சொல்லாமல் விடலாம். வகைக்கொரு பெயர் வைத்து, ஆளைத் தெரிய விடலாம். அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

வழக்கமான நியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பெயரைப் பிரித்தால், கோணேசர் கோயிலைப் பற்றிய நாவலைப் பக்தியோடு படித்த அம்மா, அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பிணத்தைக் கண்டு திடுக்கிட மாட்டார். பிரிக்காவிட்டால் பழைய வாசகர் கூடவே வருவார். இரண்டும் சரி. அட்டையில் ‘துப்பறியும் நாவல்’ என்று பெரிதாகப் போட்டாலே முதல் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் இரண்டு ரங்கராஜன்கள். ரா. கி. ரங்கராஜன் தன் பெயரில் எழுதியது போக சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, துரைசாமி என்று வேறு வேறு பெயர்களில் வேறு வேறு மாதிரி எழுதித் தள்ளினார். மற்ற ரங்கராஜன், பெயர் குழம்பக் கூடாதென்று மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை, நாடகம், கட்டுரை எல்லாம் அந்த ஒரே பெயரில். இருவருமே வென்றவர்கள் என்பதால் இதை வைத்து ஒரு வழி சரி, மற்றது பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ரா. கி. ர. குமுதத்தின் ஆசிரியர் குழுவில் இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் என்பது கொட்டிலில் கட்டிய மாடு மாதிரி. கறந்தாலும் கறக்காவிட்டாலும் வைக்கோல் போட வேண்டும். அவருடைய அத்தனை பெயர்களுக்கும் வாராவாரம் வைக்கோல் போட்டது லட்சக்கணக்கில் விற்ற ஒரு பத்திரிகை. இங்கே யார் போடுவது?

என் முடிவுக்குக் காரணமே இந்தக் கேள்விதான். நம் பக்கத்தில் ஒரு நாவல் பெரும்பாலும் 300, 500 பிரதிதான் அச்சாகிறது. காசு போடுபவர் பல வேளைகளில் எழுதியவரே. போட்ட காசில் பெரும்பகுதி திரும்பி வருவது வெளியீட்டு விழா அன்று. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மங்கல விளக்கு, வரவேற்புரை, நயவுரை எல்லாம் முடிந்து முதற்பிரதியை ஒரு முதலாளி வாங்குவார். அப்புறம் சிறப்புப் பிரதிகள். பெயரை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடைக்கு ஏறி, என்வலப்பைக் கையில் வைத்து, புத்தகத்தை வாங்கிக்கொண்டு, படம் எடுக்கும் வரைக்கும் சிரித்தபடி நிற்பார்கள். வாசல் மேசையில் ஒரு பிள்ளை கொப்பியில் பெயரெழுதி, மிச்சப் பேருக்கும் பிரதி கொடுத்துக்கொண்டிருப்பாள். இரவு வீட்டில் என்வலப்புகளைப் பிரித்தால், 600 ரூபா புத்தகத்துக்கு ஆயிரமும் இரண்டாயிரமும் இருக்கும்.

அந்தக் கூடுதல் காசை நாவலுக்கென்று யாரும் தருவதில்லை. என்னிடம் படித்தவர், என் தங்கையின் கலியாணத்துக்கு வந்தவர், தன் வீட்டுச் செத்தவீட்டில் என்னைக் கண்டவர் தருகிற காசு அது. என்வலப்பின் மேல் என் பெயரை எழுதித்தான் தருவார். யாரென்றே தெரியாத ஒரு ‘இந்திரஜித்’துக்கு இந்த ஊரில் யார் என்வலப் எழுதுவார்? ஏற்புரை சொல்ல யார் எழும்புவது?

பெயர் பெரிதாகிவிட்டால் அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பது பெரிய நாடுகளுக்கும் பொருந்தும். பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசை ஒருவருக்கு ஒரு தடவைதான் கொடுப்பார்கள். எழுத்தாளர் ரொமேன் கரி 1956இல் தன் பெயரிலும் 1975இல் எமில் அஜார் என்ற பெயரிலும் அதை வாங்கினார். அஜாரைக் காட்டு என்று ஊடகக்காரர்கள் கேட்டபோது, சொந்தக்காரப் பையன் ஒருவரை அஜாராக நடிக்க விட வேண்டி வந்தது. கெட்டித்தனம்தான். ஆனால் நமது நகர மண்டபத்தில் வந்திருக்கும் பாதிப் பேருக்கு என் சொந்தக்காரப் பையன்கள் எல்லோரையும் தெரியும்.

ரகசியப் பெயரின் உண்மையான இலாபம், பழைய புகழோ பழைய கோபமோ இல்லாமல் எழுத்தை மட்டும் பார்ப்பார்கள் என்பது. அதை நான் மறுக்கவில்லை. ஹாரி பொட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங் 2013இல் ராபர்ட் கல்பிரெய்த் என்ற பெயரில் வெளியிட்ட துப்பறியும் நாவலுக்கு நல்ல விமர்சனம் வந்தது. விற்றது சுமார் 1,500 பிரதி. யார் எழுதியது என்று தெரிந்த பிறகுதான் கடைகளில் புத்தகம் பறந்தது. அந்த ரகசியமும் சில மாதங்களே நின்றது. அவருடைய சட்ட நிறுவனத்து வழக்கறிஞர் ஒருவர் தன் மனைவியின் சிநேகிதியிடம் சொல்லிவிட்டார். இங்கே என்றால் புரூவ் பார்க்கிற தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர முதலே உவர்மலை வரைக்கும் தெரிந்துவிடும்.

ஆளைத் தெரிய விட்டுப் பெயரை மட்டும் பிரிப்பது இதைவிட நல்லது. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் இயன் பேங்ஸ் விஞ்ஞானப் புனைகதைகளுக்கு மட்டும் பெயரின் நடுவே ‘எம்’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். வாசகருக்கும் குழப்பமில்லை, கடைக்காரருக்கும் வசதி. தலைப்பெழுத்து வைத்தே ஆளை அடையாளம் காணும் நமக்கு இது நன்றாகவே பொருந்தும். கொஞ்ச நாள் எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் விழா எடுக்க இது உதவினாலும், பின்னால் ஒருவர் தேடும்போது உதவாது. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் ‘தத்தை விடு தூது’ என்ற கவிதை நூலையும் 1895இல் ‘மோகனாங்கி’ என்ற நாவலையும் எழுதினார். ஒன்று பெண்ணுரிமை பேசும் தூது. மற்றது தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுவது. ஒரே பெயர் இருந்தபடியால் ஒன்றைத் தேடுபவர் கையில் மற்றதும் அகப்படுகிறது. கவிதைக்கு வேறொரு பெயர் வைத்திருந்தால், இரண்டும் ஒருவருடையதே என்று நிறுவ ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வர வேண்டியிருந்திருக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாதவர்களும் உண்டு. அரசாங்க வேலையில் இருந்துகொண்டு கந்தோர் ஊழலைக் கதையாக்குபவர், வீட்டில் எதிர்ப்பு உள்ள பெண், யுத்த காலத்தில் எழுதியவர்கள். அவர்களுக்கு வேறு பெயர் ஒரு பாதுகாப்பு. அங்கே என்வலப்புக் கணக்குப் பார்ப்பது அழகல்ல. மின்னூலும் வேறு கதை. கிண்டிலில் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பல பெயர்களில் புத்தகம் ஏற்றலாம், மேடையும் தேவையில்லை. அதில் ஒரு சிறுகதையை மட்டும் ஏற்றிப் பார்த்தவன் நான், அதனால் அந்தப் பக்கம் என் சொல்லைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

எப்படியும் பெயரைப் பிரித்துத்தான் ஆவேன் என்பவர், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. புனைபெயரில் எழுத உரிமை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் சொந்தப் பெயரில் வந்த நூலுக்கு வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டும் பதிப்புரிமை. ஆள் யாரென்று தெரியாத புனைபெயர் நூலுக்கு வெளிவந்த நாளிலிருந்து 70 ஆண்டு மட்டும். அந்தக் காலத்துக்குள் ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டால் பழையபடி வாழ்நாளும் 70உம். ‘இந்திரஜித்’ என்றே அட்டையில் இருக்கட்டும். உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் உங்கள் பெயரைச் சின்ன எழுத்திலாவது போட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.