டிமோலாலா, லட்டானோபுரோஸ்டா?

சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகங்களில் கிளாக்கோமாவுக்கு (பெரும்பாலும் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) சொட்டு மருந்து பெறும் நம் முதியவர்கள் தாதியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

செயல்: டிமோலால் கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கிறது, லட்டானோபுரோஸ்ட் அந்நீர் வெளியேறுவதைப் பெருக்குகிறது.

வேளை: முன்னது பெரும்பாலும் நாளுக்கு 2 முறை; பின்னது இரவில் ஒரே முறை.

பக்கவிளைவு: லட்டானோபுரோஸ்ட் இமைமுடியை நீட்டலாம், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்தைக் கருமையாக்கலாம், நம்மவரின் கரிய கண்களில் அது அவ்வளவாகத் தெரியாது. டிமோலாலோ கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர்க்குழாய் வழியாக மூக்கில் இறங்கி இரத்தத்தில் கலந்து, இதயத்துடிப்பைக் குறைத்து, மூச்சுக்குழாயையும் சுருக்கக்கூடும் என்பதால், சொட்டியபின் கண்ணின் உள்மூலையை 2 நிமிடம் மெல்ல அழுத்தச் சொல்லித்தருவது தாதியரின் முதற்கடமை.

சேமிப்பு: திறக்காத லட்டானோபுரோஸ்ட் பொதுவாகக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கவேண்டும்.

ஆஸ்துமாவோ மெதுவான இதயத்துடிப்போ உள்ளவருக்கு டிமோலால் ஆகாது. மறதி மிகுந்தவருக்கும் இரவுச்சொட்டே எளிது. கண்ணுள் அழற்சி உள்ளவருக்கு மருத்துவர் டிமோலாலை நாடலாம்.