முன்னாலா, பூத் வாசலிலா, வீட்டிலா: எந்தக் கணிப்பை எதற்கு நம்பலாம்?

தேர்தல் கணிப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் மூன்று வகை உண்டு. வாக்குப்பதிவுக்கு முன்பு கேட்பது கருத்துக்கணிப்பு. ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவரை நிறுத்திக் கேட்பது எக்ஸிட் போல். ஓட்டுப் போட்ட பிறகு, முடிவு வருவதற்குள் வீட்டுக்கே போய்க் கேட்பது பிந்தைய ஆய்வு. டிவிக்காரர்கள் கொண்டாடுவது இரண்டாவதை. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் உருப்படியானது.

எக்ஸிட் போலுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. ‘கண்டிப்பா போடுவேன்’ என்று முன்கூட்டிச் சொன்னவர், அன்றைய வெயிலைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடலாம். விரலில் மையோடு வருகிறவர் போட்டுவிட்டவர். பலவீனமும் அதே வாசலில்தான். சுற்றிலும் ஊர்க்காரர்களும் கட்சிக்காரர்களும் நிற்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு பையன் வந்து, “அக்கா, எந்தச் சின்னத்துக்குப் போட்டீங்க?” என்கிறான். “நல்லவங்களுக்குத்தான் தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டுகிறார். இப்படி நழுவுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் சரிசமமாக இருந்தால் பிரச்சினை இல்லை. உள்ளூரில் செல்வாக்கான கட்சிக்கு எதிராகப் போட்டவர்கள் கூடுதலாக நழுவினால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

சாம்பிளை, அதாவது கேட்கிற ஆட்களின் எண்ணிக்கையை, பெரிதாக்கினால் அந்தச் சாய்வு போய்விடாது. 1936-இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அதைவிட மிகச் சிறிய சாம்பிளோடு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் அதைச் சரியாகச் சொன்னார்.

அப்புறம், நம் நாட்டில் இன்னொரு சிக்கல். மக்களிடம் கேட்டால் கிடைப்பது ஓட்டு சதவீதம். டிவி கேட்பதோ சீட்டு எண்ணிக்கை. 2019-இல் பா.ஜ.க. 37.4 சதவீத வாக்கில் 303 இடம் பிடித்தது. 2024-இல் 36.6 சதவீதம், இடங்கள் 240. ஒரு சதவீதம்கூடக் குறையாத இடத்தில் 63 சீட்டு போயிற்று. தமிழ்நாட்டில் 2016-இல் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் தி.மு.க. ஆட்சி என்றன. அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. கூட்டணிக்கும் வாக்கில் சுமார் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்கு 134, தி.மு.க. கூட்டணிக்கு 98. அவ்வளவு நெருக்கமான போட்டியில் யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள். தடுமாறுவதைத் திரையில் ஒத்துக்கொள்ளாததுதான் எனக்கு வருத்தம்.

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரைமணி நேரம் வரை எக்ஸிட் போலை வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு அனுமதிப்பதில்லை. ஆகவே அது வாக்காளரை மாற்றாது. பங்குச் சந்தையை மாற்றும். 2024 ஜூன் 1 மாலை, பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று பல நிறுவனங்கள் சொன்னன. ஜூன் 3-இல் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் கூட்டணிக்கு வந்தது 293. சென்செக்ஸ் 4,300 புள்ளிக்கு மேல் விழுந்தது. எக்ஸிட் போலை நம்பி திங்கட்கிழமை பங்கு வாங்கியவர் செவ்வாய்க்கிழமை நஷ்டத்தோடு நின்றார்.

அரசியல் முடிவுகளை உண்மையில் அசைப்பது முன்கூட்டிய கணிப்பு. 2003 டிசம்பரில் மூன்று மாநிலங்களை வென்ற கையோடு, சர்வேக்களும் சாதகமாக இருக்க, வாஜ்பாய் அரசு மக்களவைத் தேர்தலை முன்கூட்டியே வரவைத்தது, 2004-இல் தோற்றது. கூட்டணிப் பேச்சிலும் இதுதான் ஆயுதம். “சர்வே எடுத்துட்டோம், அந்தத் தொகுதி உங்களுக்குத் தேறாது” என்று பெரிய கட்சி சொன்னால் சின்னக் கட்சி என்ன செய்யும்? யாரிடம், எத்தனை பேரிடம், என்ன கேட்டார்கள் என்பது வெளியே வராது.

முன்கூட்டிய கணிப்பிலும் நல்ல பகுதி ஒன்று உண்டு. ஓட்டு யாருக்கு என்பதைவிட, கவலை என்ன என்ற கேள்வி. 2024 தேர்தலுக்கு முன், தேர்தல் ஆய்வு அமைப்பான லோக்நிதி நடத்திய ஆய்வில் 27 சதவீதம் பேர் வேலையின்மையையும் 23 சதவீதம் பேர் விலைவாசியையும் முதல் பிரச்சினையாகச் சொன்னார்கள். ராமர் கோயிலைச் சொன்னவர்கள் 8 சதவீதம். ஜூன் 4-இன் முடிவைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இந்த வரிதான். எந்த சீட்டுக் கணக்கும் அல்ல.

இந்த வகைக் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்க இடம் தருவது வீட்டுக்கே போய்க் கேட்கும் பிந்தைய ஆய்வு. லோக்நிதி முறையில், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டைத் தேடிப் போகிறார்கள். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார் என்று அவரைக் கேட்டுவிட்டு வரக் கூடாது. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்வது வழக்கம். வாயால் சொல்லத் தயங்குகிறவரும் அதில் போட்டுவிடுவார். பிறகு சாதி, படிப்பு, ரேஷன், எப்போது முடிவெடுத்தீர்கள், போன தடவை யாருக்கு என்று நீளும் கேள்விகள். முடிவு வந்த பிறகு கேட்டால் ஜெயித்தவருக்குத்தான் போட்டேன் என்பார்கள் பலர். அதனால் எண்ணிக்கைக்கு முன்பே கேட்டு முடிக்க வேண்டும். விரிவான அலசல் அச்சில் வரும்போது ஆட்சியே அமைந்திருக்கும், டிவி அடுத்த செய்திக்குப் போயிருக்கும். பெண்கள் எந்தப் பக்கம் போனார்கள், முதல்முறை ஓட்டுப் போட்டவர்கள் ஏன் மாறினார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.