ஸ்டூடியோவில் முகம் எடுக்க 6×7 ரோலா, 4×5 ஷீட்டா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டூடியோவில் ஆள் படம் எடுக்க ஒரே ஒரு பிலிம் கேமராதான் வாங்க முடியும் என்றால் 6×7 (ரோல் பிலிமில் 6×7 செ.மீ. படம் எடுப்பது) வாங்குங்கள். 4×5 (4×5 அங்குலத் தனித்தனி ஷீட் பிலிமில் எடுப்பது) மேல் எனக்குத் தீராத ஆசை, கையில் ஒன்று இருக்கவும் செய்கிறது, இருந்தும் இதைத்தான் சொல்வேன். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஷார்ப்னெஸ்ஸில் போய் நின்றுவிடுகிறார்கள். ஆள் படத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

அளவை முதலில் முடித்துவிடுவோம். 6×7 நெகட்டிவ் நிஜத்தில் 56×70 மி.மீ., 4×5 ஷீட்டில் ஓரம் போக 96×120 மி.மீ., பரப்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 16×20 அங்குல பிரிண்டுக்கு ஷீட்டை நாலு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக்கினால் போதும், ரோலை ஏழு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். 100 ஐஎஸ்ஓ பிலிமில் இந்த வித்தியாசம் பிரிண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும். 400-இல் நன்றாகவே தெரியும், முக்கியமாகக் கன்னம் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்கும் இடத்தில். ஷீட்டில் அந்த இறக்கம் எங்கே தொடங்கியது என்றே தெரியாது, ரோலில் கிரெய்ன் (பிலிமின் பொடிப் புள்ளிகள்) மெல்லத் தலைகாட்டும். இதற்காக ஒருவர் 4×5 பக்கம் போனால் எனக்குப் புரிகிறது.

ஆனால் பின்னணி இன்னும் கரையும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். 4×5-க்கு வழக்கமாகக் கிடைக்கும் 210 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6-இல் தொடங்குகிறது (எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸ் துவாரம் பெரிது, பின்னணி அதிகம் மங்கும்). அதே ஃபிரேமிங்கில் அது 6×7-இல் எஃப் 3.3 கொடுக்கும் மங்கலுக்குச் சமம். மாமியா ஆர்இசட்67-இன் 110 மி.மீ. லென்ஸோ எஃப் 2.8 வரை திறக்கும். அதாவது சின்ன நெகட்டிவில்தான் பின்னணி அதிகம் கரையும். கோடக் ஏரோ எக்டார் மாதிரி எஃப் 2.5 லென்ஸ் மாட்டலாமே என்பீர்கள். மாட்டலாம், ஆனால் அதற்கு ஷட்டரே கிடையாது, ஸ்டூடியோ ஃபிளாஷோடு அதைச் சேர்ப்பது பெரும்பாடு.

வெளிச்சக் கணக்கு இதன் மறுபக்கம். ரோலில் எஃப் 8 வைத்தால் மூக்கு நுனியிலிருந்து காது வரை ஓரளவு நிற்கிறது என்று வையுங்கள், அதே ஆழம் ஷீட்டில் வேண்டுமென்றால் எஃப் 14-க்குப் பக்கத்தில் போக வேண்டும், அதுவே மூன்று மடங்கு ஃபிளாஷ் சக்தி. அப்புறம் பெல்லோஸ், அதாவது லென்ஸையும் பிலிமையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி; பக்கத்தில் ஃபோக்கஸ் வைக்க அது நீள நீள வெளிச்சம் குறையும். தலையும் தோளும், சுமார் 50 செ.மீ. உயரத்தை நிரப்பினால், 4×5-இல் பெல்லோஸ் நீண்ட வகையில் அரை ஸ்டாப்புக்கு மேல் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது); 6×7-இல் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். எல்லாம் கூட்டினால் ரோலுக்கு 300 வாட்-செகண்ட் போதும் என்ற இடத்தில் ஷீட்டுக்கு 1000 வேண்டியிருக்கும். சாஃப்ட்பாக்ஸுக்குள் 400 ஃபிளாஷ் ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் கேமரா விலையை மட்டும் பார்த்து 4×5 வாங்கிவிடக் கூடாது.

வாங்கும் முன் இன்னொன்றையும் அளந்து பாருங்கள். 210-ஐ வைத்துத் தலையும் தோளும் எடுக்க நீங்கள் 1.1 மீட்டரில் நிற்க வேண்டும், மூக்கு கொஞ்சம் பெருத்துத் தெரியும் தூரம் அது. 300 போட்டால் ஒன்றரை மீட்டர், முகம் அழகாக அடங்கும், ஆனால் அந்தத் தூரத்தில் பெல்லோஸ் 37 செ.மீ. நீள வேண்டும். மடக்கி எடுத்துப்போகிற ஃபீல்டு கேமராக்கள் பல 30-ஐ ஒட்டி நின்றுவிடும், அதனால் ஸ்டூடியோவுக்கு ஒற்றைத் தண்டில் நகரும் மோனோரெயில் கேமராதான் சரி. ரோல் பக்கம் 180 மி.மீ. லென்ஸ் அதே தூரத்தை எந்தச் சிக்கலும் இல்லாமல் தந்துவிடுகிறது. பென்டாக்ஸ் 67 வாங்கினால் மட்டும் கவனம்: ஃபிளாஷ் சிங்க் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/30 நொடிதான், லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஷட்டர்) வைத்த லென்ஸ் தனியாகத் தேட வேண்டும். மாமியா ஆர்பி, ஆர்இசட், ஹாசல்பிளாட் 500 வரிசைக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது எதிரே உட்காரும் ஆள். என்னைப் பொறுத்தவரை முடிவு இங்கேதான் இருக்கிறது. ஷீட் கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தலைகீழ் முகத்தில் கண்ணுக்கு ஃபோக்கஸ் வைத்து, வெளியே வந்து, ஷட்டரை மூடி, எஃப் எண்ணைக் கூட்டி, பிலிம் ஹோல்டரைச் செருகி, அதை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவி, அப்புறம்தான் அமுக்க முடியும். எவ்வளவு பழகினாலும் பத்துப் பதினைந்து நொடி. அதற்குள் அவர் மூச்சு விட்டு இரண்டு செ.மீ. முன்னால் சாய்ந்திருப்பார், ஃபோக்கஸ் கண்ணை விட்டுக் காதுப் பக்கம் நகர்ந்திருக்கும். குழந்தைகளுக்கு இது நடக்கவே நடக்காது. சிரித்த முகம் வேண்டும் என்று வருபவர்களுக்கும் நடக்காது, பதினைந்து நொடி பிடித்து வைத்த சிரிப்பு பிரிண்டில் அப்படியே தெரியும்.

ஆனால் சிலரிடம் அதே பதினைந்து நொடி வேறு ஒன்றைக் கொண்டுவரும். கேமராவுக்குப் பின்னால் உங்கள் முகம் ஒளிந்திருக்காது, பக்கத்தில் நின்று கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே அமுக்குவீர்கள். அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் ரிச்சர்ட் அவெடான் 1969 வாக்கில் ரோல் பிலிம் போடும் ரோலிஃபிளெக்ஸை விட்டு 8×10 அங்குல ஷீட் கேமராவான டியர்டார்ஃபுக்கு மாறிய பிறகு எடுத்த முகங்களில் அந்த நேருக்கு நேர் பார்வையைப் பார்க்கலாம். அவர் காலத்து இன்னொரு ஃபோட்டோகிராஃபர் இர்விங் பென்னோ ரோலிஃபிளெக்ஸ், ஹாசல்பிளாடிலேயே அத்தனை அசையாத, கனமான ஆள் படங்களை எடுத்திருக்கிறார். ஆக அமைதியான முகத்துக்குப் பெரிய கேமராதான் வேண்டும் என்றில்லை. ரோலில் பத்து ஃபிரேம் இருக்கும், ஏழாவதில் அவர் கேமராவை மறந்துவிடுவார், எட்டாவதுதான் படம். ஷீட்டில் அந்த எட்டு வரை போகப் பாதிப் பேருக்கு மனசு வராது.

செலவைப் பாருங்கள். ஒரு 120 ரோலின் பரப்பு நாலு 4×5 ஷீட்டுக்குச் சமம். அதாவது அதே பிலிமில் பத்துப் படமா, நாலா. ஷீட்டாக வாங்கும்போது அந்தப் பரப்புக்கே விலை கூடுதல் வேறு. கழுவும்போது ஷீட்டுக்கு ஒரு நல்ல வசதி உண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி நேரத்துக்கு டெவலப் செய்யலாம். கோடக் ட்ரை-எக்ஸ் 320 இப்போது ஷீட்டில் மட்டும்தான் வருகிறது, ரோலில் கிடைக்கும் 400 அதுவல்ல. வெளிச்சப் பகுதிகளை 320 பிரித்துக் காட்டும் விதம் வேறு, நெற்றியும் கன்ன மேடும் அதில் தனி அழகு. இன்னொரு வசதி லென்ஸ் பலகையைத் திருப்புவது. முக்கால் முகம் திரும்பி உட்கார்ந்தவரின் இரண்டு கண்களையும் எஃப் 5.6-இலேயே ஷார்ப்பாகப் பிடிக்கலாம், 6×7 எஸ்எல்ஆர்களில் இந்த வசதி வழக்கமாகக் கிடையாது.

என் சின்ன ஸ்டூடியோவில் இப்போது வழக்கம் இதுதான். முதலில் ஆர்இசட்டில் இரண்டு ரோல். ஆள் பதற்றம் தீர்ந்து, தானாக அசையாமல் உட்காருகிறவர் என்று தெரிந்தால் மட்டும் 4×5-ஐ முன்னால் இழுத்து நாலு ஷீட். லென்ஸ் பலகையில் ஒரு நூல் கட்டி, ஃபோக்கஸ் வைத்த தூரத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். டார்க் ஸ்லைடை உருவியதும் முடிச்சை அவர் கண்ணோரம் கொண்டுபோய்ப் பார்ப்பேன், தொட்டால் நூலைத் தொங்கவிட்டு அமுக்குவேன்.